கமராவில் விழாத காகம்

ஆனி மாதத்து ஒரு காலையில், கிணற்றடியில் வைத்து, தம்பிராசாவின் உச்சந்தலையில் காகம் அடித்தது.

உள்ளதைச் சொன்னால் அது அவரைத் தேடி வரவில்லை. அவருடைய நாய் ரொனியைத் தேடித்தான் வந்தது. கிணற்றடி மாமரத்தின் உச்சிக் கவட்டில் கூடு. கூட்டில் இரண்டு குஞ்சுகள், கொப்பில் தத்தி நின்று சிறகடித்துப் பார்க்கிற பருவம். அந்தப் பருவத்தில் தாய்க் காகத்துக்கு மரத்தின் கீழே அசைகிற எல்லாமே எமன்தான். ரொனிக்கோ பதினொரு வயது. ஒரு கண்ணில் வெள்ளை படர்ந்துவிட்டது. காகக் குஞ்சைப் பிடிப்பது கிடக்கட்டும், தன் சோற்றுக் கோப்பையையே மோந்து மோந்துதான் கண்டுபிடிக்கும். இதையெல்லாம் காகத்துக்கு யார் எடுத்துச் சொல்வது? விர்ரென்று இறங்கி நாயின் காதைக் கிழித்தது. கத்திய நாயைத் தூக்கக் குனிந்த தம்பிராசாவின் தலையில் மற்றக் காகம் ஒரு போடு போட்டுவிட்டுப் போனது.

காயம் என்று சொல்ல ஒன்றுமில்லை, ஒரு கீறல். முப்பது வருடம் பஸ் கொண்டக்டராக இருந்தவர் அவர். குடிகாரனிடம் அடி வாங்கியிருக்கிறார், ஓடுகிற பஸ்ஸின் மிதிபலகையிலிருந்து விழுந்திருக்கிறார். அதற்கெல்லாம் பயப்படாதவர் இந்தக் கீறலுக்குப் பயந்துவிட்டார். நாயைத் தூக்கிக்கொண்டு குசினிக்குள் வந்து, கதவைச் சாத்திவிட்டு மர வாங்கில் இருந்துவிட்டார்.

காகம் தலையில் அடித்தால் சனியன் தொட்டுவிட்டான் என்பது ஊர் நம்பிக்கை. தம்பிராசா அதை நம்பியவரல்ல. மூன்று வருடத்துக்கு முன் இதே கிணற்றடியில் அவருடைய மனைவி குணலட்சுமியின் தலையில் காகம் அடித்தது. அவள் வெளிறிப்போய் உள்ளே வந்து, "இஞ்சாருங்கோ, ஒருக்கா மருதனார்மடம் ஆஞ்சநேயரிட்டைக் கூட்டிக்கொண்டு போங்கோ, எண்ணெய் எரிக்கவேணும்" என்றாள். அவர் சிரித்தார். "உன்ரை கொண்டையைக் கண்டு தன்ரை கூடெண்டு நினைச்சிருக்கும்" என்றார். ஒன்பதாம் நாள் குணலட்சுமி போய்ச் சேர்ந்தாள். பிரஷர் என்றார் டொக்டர். பிரஷர்தான், அது தம்பிராசாவுக்கும் தெரியும். ஆனால் கனடாவிலிருந்து கொள்ளி வைக்க வந்த ஒரே மகன் சிவகரன், செத்தவீட்டில் பத்துப் பேருக்கு முன்னால் கேட்டான்: "அம்மா கேட்டது ஒரு கோயில். அதுக்கும் உங்களுக்கு நேரமில்லையோ அப்பா?"



திரும்பிப் போகுமுன் மகன் வீட்டைச் சுற்றி மூன்று கமரா பூட்டுவித்தான். "இனி உங்களுக்கு ஏதும் ஒண்டெண்டால் நான் தனிய விடமாட்டன். நல்ல முதியோர் இல்லமாப் பாத்துச் சேர்த்துவிடுவன். பிறகு என்னைக் கோவிக்கக்கூடாது" என்றும் சொன்னான். கோபத்தில் சொல்லியிருந்தால் பொருட்படுத்தத் தேவையில்லை. அவன் அழுதுகொண்டு சொன்னான். அதனால் அது நடக்கும் என்று தம்பிராசாவுக்குத் தெரியும். அவருக்கு மிச்சமிருப்பது இந்த வீடும் இந்த நாயும்தான். நாயைச் சேர்க்கிற இல்லம் உலகத்தில் எங்கும் இல்லை.

ஆகவே காகம் அடித்ததை ஒரு குருவிக்கும் சொல்வதில்லை என்று அந்த வாங்கில் இருந்தபடியே முடிவு செய்தார். அவர் வாழ்க்கையில் எடுத்த முட்டாள்தனமான முடிவு அதுதான். ஆனால் அவருடைய இடத்தில் இருந்தால் நீங்களும் நானும் அதைத்தான் செய்திருப்போம்.

சொல்லாமல் விடலாம், நாயை வெளியே விடாமல் இருக்க முடியுமா? முன்பக்கம் முழுக்கச் சீமெந்து. ரொனிக்கு மண்ணும் தேசிக்காய் மரமும் வேண்டும். பதினொரு வருடமாகப் போன இடத்துக்குத்தான் போகும், வேறெங்கும் போகாது. அந்தத் தேசிக்காய் மரத்துக்கு மாமரத்தைத் தாண்டித்தான் போகவேண்டும். காலை, மத்தியானம், பின்னேரம் என்று மூன்று தடவை.

தம்பிராசா ஆயத்தங்கள் செய்தார். பனையோலைக் கடகத்தைத் தலையில் கவிழ்த்துக்கொண்டார். கையில் வீடு கூட்டுகிற தும்புத்தடியை எடுத்துக்கொண்டார். நாயின் முதுகுக்கும் காதுக்கும் ஒரு மறைப்பு வேண்டும். சாக்கைப் போட்டால் ரொனி உதறிவிட்டது. அலுமாரியைத் திறந்து குணலட்சுமியின் பழைய வீட்டுச் சட்டையை எடுத்தார். மஞ்சள் பூப்போட்டது. அதை மோந்து பார்த்ததும் நாய் உதறவில்லை, வாலை ஆட்டிக்கொண்டு நின்றது. கைகளுக்குள் முன்னங்காலை விட்டு, கழுத்தில் ஒரு முடிச்சுப் போட்டார். கண்ணில் தண்ணீர் வந்தது. துடைத்துவிட்டுக் கதவைத் திறந்தார்.

அன்றிலிருந்து தினமும் மூன்று வேளை அந்த ஊர்வலம் நடந்தது. முன்னால் மஞ்சள் பூச்சட்டை போட்ட நாய். பின்னால் கடகம் கவிழ்த்த கிழவர், தும்புத்தடியைத் தலைக்கு மேலே சுழற்றிக்கொண்டு, முப்பது வருடம் பஸ்ஸில் கத்திப் பழகிய தொண்டையால், "போ! அங்காலை போ! தள்ளு, தள்ளு!" என்று கத்திக்கொண்டு வருவார். காகங்கள் மாறி மாறி இறங்கிக் கடகத்தில் டப்பென்று அடித்துவிட்டு மேலே போகும். பார்க்க ஒருவரும் இல்லை. இடப்பக்க வீட்டுக்காரர் லண்டனில், வலப்பக்கத்தார் நோர்வேயில்.

பார்த்தது கமரா மட்டும்தான். கமரா பூட்ட வந்த கோகுலன் அன்றைக்கே சொல்லியிருந்தான்: "ஐயா, மரம் படத்துக்குள்ளை வந்தால் இலை ஆடுற நேரமெல்லாம் சிவகரன் அண்ணைக்குக் கனடாவிலை மணி அடிக்கும். அதாலை பின்வளவுக் கமராவை நல்லாப் பதிச்சு விட்டிருக்கிறன்." கிணறு தெரியும், தோய்க்கிற கல் தெரியும், தேசிக்காய் மரத்தின் அடி தெரியும். மாமரம் தெரியாது, வானம் தெரியாது. சத்தமும் போகாது. படம்கூட ஒழுங்காகப் போகாது, துள்ளித் துள்ளித்தான் போகும். ஒரு நொடியில் வந்து போகிற காகம் எந்தத் துள்ளலுக்குள் விழும்?

தம்பிராசாவுக்கு இதொன்றும் நினைவில் இல்லை. அவர் நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார். குணலட்சுமி ஒன்பதாம் நாள் போனவள். எட்டாம் நாள் இரவுச் சாப்பாடு இறங்கவில்லை. பத்தாம் நாள் காலையில் கண் விழித்து, கையைக் காலை ஆட்டிப் பார்த்து, உயிரோடுதான் இருக்கிறோம் என்று கண்டபோது வந்த சந்தோஷத்தில் ரொனிக்கு ஒரு முழு முட்டை அவித்துக் கொடுத்தார். அன்றைக்குப் பின்னேரம்தான் சிவகரன் போன் எடுத்தான்.

"சாப்பிட்டியளோ அப்பா?"

"ஓம் மோனை, சாப்பிட்டாச்சு."

"பின்வளவிலை என்ன செய்யிறனியள்?"

"என்ன செய்யிறது? தண்ணி அள்ளுறன்."

"கடகத்தைத் தலையிலை கவிட்டுக்கொண்டோ?"

தம்பிராசாவுக்கு அப்போதுதான் கமரா நினைவுக்கு வந்தது. "வெயிலடா" என்றார்.

"தும்புத்தடியாலை ஆருக்கு அடிக்கிறியள்? அங்கை ஒருதரும் இல்லையே அப்பா."

"அது எக்ஸசைஸ். கையைத் தூக்கி ஆட்டச்சொல்லி டொக்டர் சொன்னவர்."

பிறகு மகனின் குரல் உடைந்து வந்தது. "அம்மான்ரை சட்டையை ஏனப்பா நாய்க்குப் போடுறியள்?"

உண்மையைச் சொல்ல வாய் வரைக்கும் வந்தது. செத்தவீட்டில் கேட்ட கேள்வி குறுக்கே வந்து நின்றது. "அதுக்குக் கூதலடா" என்றார். ஆனி மாதத்து வெயிலில், வியர்வை வழிய வழிய நின்றுகொண்டு சொன்னார். சொன்ன பிறகுதான் அது எப்படிக் கேட்கும் என்று அவருக்கே விளங்கியது.

அடுத்த நாள் தயாளினி வந்தாள். குணலட்சுமியின் தங்கை மகள், மருதனார்மடத்தில் இருக்கிறவள். புருசன் ஜெயரூபனையும் கூட்டிக்கொண்டு, கையில் போனை ஒரு மாதிரிப் பிடித்தபடி முன்னால் இருந்து, சின்னப்பிள்ளையிடம் கேட்பதுபோல் கேட்டாள்.

"பெரியப்பா, இண்டைக்கு என்ன கிழமை சொல்லுங்கோ பாப்பம்?"

தம்பிராசாவுக்கு மூக்குக்கு மேலே கோபம் வந்தது. இவளுக்கு எண் சொல்லிக் கொடுத்ததே அவர்தான், பழைய ரிக்கற் துண்டுகளை வைத்து. "இண்டைக்குத் தீபாவளி" என்றார்.

"நான் ஆரெண்டு தெரியுதோ?"

"நீ நுவரெலியா பஸ்ஸுக்கு நிண்ட சிங்களப் பொம்பிளை. இறங்கு பிள்ளை, இடம் வந்திட்டுது."

பகிடி விட்டுவிட்டோம் என்று அவருக்கு ஒரு திருப்தி. தயாளினி சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு போனை மடியில் வைத்தாள். அவள் அதை வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். பின்னேரத்துக்குள் அந்த வீடியோ கனடாவுக்குப் போய், அங்கிருந்து குடும்ப வாட்ஸப்புக்கு வந்துவிட்டது. அவுஸ்திரேலியாவில் இருக்கிறவர்கள் எல்லாம் அழுகிற முகம் போட்டிருந்தார்கள். மருமகள் தாரிகா, கோபம் என்றால் என்னவென்று தெரியாத பிள்ளை, "மாமா பாவம், இனித் தனிய விடக்கூடாது" என்று எழுதியிருந்தாள். டொக்டருக்கும் அந்த வீடியோவைத்தான் காட்டினார்கள். அவர் குளிசை எழுதித் தந்தார். அதைப் போட்டால் நித்திரை நித்திரையாக வரும். ஜெயரூபன் வந்து தங்கி, ரொனியைச் சங்கிலியில் கட்டி முன் றோட்டால் கொண்டு போய் வந்தான். பின்கதவுக்குப் பூட்டுப் போட்டார்கள். இப்படி இரண்டு கிழமை போனது.

பிறகு ஒரு நாள் பின்னேரம் சிவகரன் வீடியோவில் வந்தான். நித்திரை இல்லாத முகம். "அப்பா, வல்வெட்டித்துறைப் பக்கம் ஒரு இல்லம் பாத்திருக்கிறன். நல்ல ஆக்கள். கடற்கரைக் காத்து. வாற வெள்ளிக்கிழமை."

இனி மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

"மோனை, நான் சொல்லுறதைக் கேள். எனக்கு ஒண்டும் இல்லை. காகம் அடிச்சது. கிணத்தடியிலை என்ரை தலையிலை காகம் அடிச்சது. நாயையும் அடிச்சது. அதுதான் கடகம், அதுதான் சட்டை. நீ பயப்பிடுவாய் எண்டு சொல்லேல்லை."

சிவகரன் போனை முகத்துக்குக் கிட்டக் கொண்டுவந்தான். கண் நிரம்பிவிட்டது. மெல்ல, மிக அன்பாகச் சொன்னான்: "அது அம்மாவுக்கு நடந்ததப்பா. உங்களுக்கு இல்லை."

அந்த அன்புதான் தம்பிராசாவைக் கொன்றது. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பார்.

"பூட்டைத் திறவுங்கோ!" என்று கத்தினார். "தயாளினி, திற பிள்ளை. உன்ரை கண்ணாலை பார். நீ அங்கை கமராவிலை பாரடா. இப்ப காட்டுறன்."

திறந்தார்கள். அவர் கடகத்தை எடுத்துக் கவிழ்த்தார். மஞ்சள் பூச்சட்டையை ரொனிக்குப் போட்டார். தும்புத்தடியைத் தூக்கிக்கொண்டு மாமரத்தின் கீழே போய் நின்றார்.

ஒன்றும் வரவில்லை.

இரண்டு காகமும் கிணற்றுக் கட்டில் அருகருகே இருந்தன. ஒன்று அலகைக் கல்லில் தேய்த்தது. தம்பிராசா மரத்தைச் சுற்றி நடந்தார். தேசிக்காய் மரம் வரைக்கும் போய்த் திரும்பினார். நாயைக் கூட்டுக்கு நேர் கீழே நிறுத்தினார். தடியை ஆட்டினார். "வா! இண்டைக்கு வா! அடி!" என்று கூப்பிட்டார். கடைசியில் கடகத்தைக் கழற்றி எறிந்துவிட்டு, வெறுந்தலையைக் காட்டிக்கொண்டு, காகங்களுக்கு முன்னால் போய்க் குனிந்து நின்றார். அவை பறந்து மதிலில் போய் இருந்தன. மரத்தில் கூடு வெறுமனே கிடந்தது. குஞ்சுகள் பறந்து எத்தனையோ நாளாகிவிட்டது. பறந்த குஞ்சுக்காக எந்தக் காகம் சண்டைக்கு வரும்?

"பெரியப்பா, இவ்வளவும் காணும். வாங்கோ உள்ளை" என்று தயாளினி வந்து அவருடைய கையைப் பிடித்தாள். அவள் தேம்பி அழுதுகொண்டிருந்தாள். ஜெயரூபன் பிடித்திருந்த போனில் சிவகரன் முகத்தைப் பொத்திக்கொண்டிருந்தான்.

வெள்ளிக்கிழமை வான் வந்தது. தம்பிராசா சண்டை போடவில்லை. வேட்டி கட்டி, திருநீறு பூசி, நல்ல பயணி போல ஏறி இருந்தார். ரொனி படலையடியில் நின்றது. வான் சத்தம் வருகிற பக்கத்துக்கு நல்ல கண்ணைத் திருப்பி, வாலை ஆட்டலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றது. "ரொனியை நான் ஒவ்வொரு நாளும் வந்து பாப்பன் பெரியப்பா, சத்தியமா" என்றாள் தயாளினி. அவள் சொல்லுக் காப்பாற்றுகிறவள், அதில் அவருக்குச் சந்தேகம் இல்லை.

இல்லத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சோறு நேரத்துக்கு வரும், கடற்காற்றும் வரும். அவர் முதல் மாதம் நான்கு பேருக்குக் காகக் கதை சொன்னார். நான்கு பேரும் தலையாட்டினார்கள். அவர்களில் ஒருவர் தன் செத்த தம்பி தினமும் பின்னேரம் தேத்தண்ணிக்கு வருகிறான் என்று சொன்னார். அதோடு தம்பிராசா தன் கதையை நிறுத்திவிட்டார்.

வருடம் ஒன்று திரும்பி அடுத்த ஆனியும் வந்தது. மாதம் தவறாமல் வருகிற தயாளினி அன்றைக்கும் பயித்தம் பணியாரத்தோடு வந்தாள். வகிடு இடம் மாறியிருந்தது. உச்சியில் தலைமயிருக்குள் ஒரு பிளாஸ்ரர்.

"என்ன பிள்ளை தலையிலை?"

"ஒண்டுமில்லைப் பெரியப்பா. யன்னல் கதவு இடிச்சுப்போட்டுது."

தம்பிராசா அந்தக் காயத்தைப் பார்த்தார். அவளுடைய கண்ணைப் பார்த்தார். பொய் எப்படி இருக்கும் என்று அவருக்குத் தெரியாதா?

"ரொனி சுகமோ?"

அவ்வளவுதான் கேட்டார். தயாளினி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு உடைந்துபோனாள். போன செவ்வாய்க்கிழமை, ரொனியைத் தேசிக்காய் மரத்தடிக்கு விட்டிருக்கிறாள். மாமரத்தில் திரும்பவும் கூடு. அவளுக்குத் தெரியாது. இரண்டு காகமும் சேர்ந்து நாயின் மேல் விழுந்திருக்கின்றன. விரட்டப் போனவளின் தலையிலும் அடித்திருக்கின்றன. அரைக்குருட்டு நாய் வெருண்டு, வீட்டைச் சுற்றி ஓடி, திறந்து கிடந்த படலையால் றோட்டில் பாய்ந்திருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பஸ்.

"சட்டை போட்டு விட்டிருந்தால் நிண்டிருக்கும் பெரியப்பா. நீங்கள் சொன்னதெல்லாம் உண்மை. நாங்கள்தான்..."

தம்பிராசா பணியாரப் பெட்டியைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அழுகை வரவில்லை. அழுகை வந்திருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

"கமராவிலை விழுந்திருக்குமே" என்றார் கடைசியாக. "சிவகரன் பாத்திருப்பானே."

"நான் கையை வீசிக்கொண்டு ஓடுறதுதான் விழுந்திருக்குது. அண்ணை உடனை எடுத்துக் கேட்டவர், என்ன நடந்ததெண்டு." அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பாம்பெண்டு சொன்னன். காகம் அடிச்சதெண்டு சொல்லப் பயமாக் கிடந்தது. இவருக்கும் சொல்லேல்லை."

"நம்பிட்டானோ?"

"ஓம். வளவைத் துப்புரவாக்கச் சொன்னவர்."

வெளியே கடல் இரைந்தது. தம்பிராசாவின் உண்மையை மகன் நம்பவில்லை. இவளுடைய பொய்யை ஒரு கேள்வி கேட்காமல் நம்பிவிட்டான். இதில் யாரைக் கோவிப்பது? அவளுக்கு முப்பத்தாறு வயது, அவருக்கு எழுபத்தாறு. வேறு வித்தியாசம் ஒன்றும் இல்லை.

"இப்பவாவது அவனுக்குச் சொல்லுவியோ?"

தயாளினி பணியாரப் பெட்டியை மூடினாள். "சொல்லலாம் பெரியப்பா" என்றாள். "வீட்டை ஆடியிலை ஆக்களுக்குக் குடுக்கிறதெண்டு பேசியாச்சு. மாமரத்தையும் தறிக்கச் சொல்லிப்போட்டார், பாம்பு அடையுமெண்டு."

தம்பிராசா தலையாட்டினார். சொன்னால் அவன் அழுவான். தாய்க்கு அழுதது போதாதென்று இதற்கும் சேர்த்து அழுவான். வீடும் வராது, நாயும் வராது. அவர் கையை நீட்டி அவளுடைய தலையைத் தன் பக்கம் சாய்த்து, தலைமயிரை விலக்கி, பிளாஸ்ரரை நன்றாகப் பார்த்தார். மூன்று பிள்ளைகளுக்குத் தாய், பயத்தில் ஐந்து நாளாகச் சாப்பிட்டிருக்க மாட்டாள்.

"போற வழியிலை ஆஞ்சநேயரிட்டை இறங்கு பிள்ளை" என்றார். "எண்ணெய் எரிச்சுப்போட்டுப் போ. நாளைக்கெண்டு விடாதை."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். வாசல் வரைக்கும் போய் அவளை வழியனுப்பிவிட்டு, கட்டிலில் வந்து இருந்தார். அப்போதுதான், ரொனியை எந்த மண்ணில் தாட்டார்கள் என்று கேட்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. எழுந்து வாசலுக்கு ஓடினார். பஸ் போய்விட்டது.